ஒரே வாசலில் இரண்டு சர்வர்



இன்றைக்குக் கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து படியுங்கள். கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் பிள்ளைகள், "இதெல்லாம் எங்களுக்குத் தெரியும் டீச்சர்" என்று தள்ளிவிட்டுப் போக வேண்டாம். உங்களுக்குத் தெரிந்த விஷயம்தான். அதன் வரலாறு தெரியுமா என்பதே என் கேள்வி.

போன மாதம் நான் ஒரு தப்புச் செய்தேன். அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நம் பள்ளியின் பழைய புகைப்படங்களை எல்லாரும் பார்க்கும்படி இணையத்தில் ஆல்பமாக வைத்திருப்பது உங்களுக்குத் தெரியும். உங்களில் சிலர் சேர்ந்து, மாதம் சில நூறு ரூபாய் வாடகைக்கு ஒரு சின்ன சர்வர் எடுத்துக் கொடுத்தீர்கள். எங்கோ ஒரு கட்டடத்தில் இரவும் பகலும் ஓடும் பெரிய இயந்திரத்தில் நமக்கென்று ஒதுக்கிய சிறு பங்கு அது. அதில் அப்பாச்சி என்ற மென்பொருள் ஆல்பத்தை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. இரண்டு வருடமாக ஒரு தொந்தரவும் இல்லை.

எனக்குத்தான் ஆசை விடவில்லை. ஒன்றாம் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் உங்களுக்குச் சொன்ன கதைகளை என் குரலிலேயே பதிவு செய்து, உங்கள் பிள்ளைகள் கேட்கும்படி இன்னொரு தளம் வைக்க நினைத்தேன். நம் மாணவன் ஒருவன் (பெயரைப் போட்டால் கோபித்துக்கொள்வான்) பக்கங்களைச் செய்து கொடுத்தான். அவன் அதை எஞ்சின்-எக்ஸ் என்ற வேறொரு சர்வர் மென்பொருளுக்காகத் தயார் செய்திருந்தான். "ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பொறுங்க டீச்சர், நான் போட்டுத் தர்றேன்" என்றான். பொறுத்தேனா? இல்லை. அவன் எழுதி அனுப்பிய குறிப்பைப் பார்த்து நானே நிறுவினேன். ஓட வைத்தேன். ஓடவில்லை. '80-ஆம் போர்ட்டைப் பிடிக்க முடியவில்லை, அந்த முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது' என்ற பொருளில் ஒரு வரி வந்தது.

யார் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்தால், அப்பாச்சி. அதை நிறுத்தினேன். புதியது ஓடியது. கதைத் தளம் அழகாகத் திறந்தது. அந்தச் சந்தோஷத்தில் தூங்கப் போய்விட்டேன். ஆல்பத்தை மூடிவிட்டோம் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

இரவு பதினொன்றரைக்கு வெளிநாட்டிலிருந்து போன். நம் பள்ளியில் படித்த பையன். அன்று சாயங்காலம்தான் அவன் அப்பா இங்கே ஊரில் தவறியிருந்தார். அவர் கொத்தனார். 1991-இல் நம் பள்ளிக்குச் சுற்றுச்சுவர் எழும்பியபோது, கையில் கரண்டியோடு பாதிச் சுவருக்குப் பக்கத்தில் நின்று சிரிக்கிற படம் ஆல்பத்தில் இருக்கிறது. நல்ல வயதில் அவரைப் பிடித்த படம் அது ஒன்றுதான். "டீச்சர், விடியறதுக்குள்ள அஞ்சலி போஸ்டர் அடிக்கக் கொடுக்கணும். அப்பா படம் இருக்கிற பக்கம் திறக்க மாட்டேங்குது" என்றான். குரல் உடைந்திருந்தது.

எனக்குக் கை கால் ஓடவில்லை. நள்ளிரவில் அந்த இன்னொரு மாணவனை எழுப்பினேன். அவன் தூக்கக் கலக்கத்திலேயே புதியதை நிறுத்தச் சொன்னான், பழையதை ஓட வைக்கச் சொன்னான். இரண்டு நிமிடத்தில் ஆல்பம் திறந்தது. படம் போய்ச் சேர்ந்தது. காலையில் எங்கள் தெரு முனையிலும் அந்தப் போஸ்டர் ஒட்டியிருந்தது. அதில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்குத்தான் அதை நிமிர்ந்து பார்க்கக் கூச்சமாக இருந்தது.

"ஏன்டா, ஒரு கம்ப்யூட்டரில் ரெண்டு சர்வர் ஓடவே ஓடாதா?" என்று அவனிடம் கேட்டேன். "தாராளமா ஓடும் டீச்சர். ஒரே வாசல்ல ரெண்டு பேர் நிக்கத்தான் முடியாது" என்றான். அது என்ன வாசல், அதை யார் வைத்தது என்று அன்றிலிருந்து படிக்கத் தொடங்கினேன். படித்ததைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

முதலில் சர்வர் என்ற சொல். நம் ஊரில் சர்வர் என்றால் ஓட்டலில் பரிமாறுகிறவர். 1964-இல் நாகேஷ் நடித்து 'சர்வர் சுந்தரம்' என்று படமே வந்தது. இணையத்திலும் அர்த்தம் அதேதான். கேட்டதைக் கொண்டுவந்து கொடுப்பவர் சர்வர். உங்கள் போனிலோ கம்ப்யூட்டரிலோ இருக்கும் பிரவுசர், சாப்பிட வந்தவர். அவர் கேட்கிற பக்கத்தையோ படத்தையோ இவர் எடுத்துக் கொடுக்கிறார். அந்த இயந்திரத்துக்கும் சர்வர் என்று பெயர், அதற்குள் ஓடும் மென்பொருளுக்கும் அதே பெயர். நான் இங்கே சொல்வது மென்பொருளை.

உலகத்தின் முதல் வலை சர்வர் சுவிட்சர்லாந்தில் ஜெனீவாவுக்குப் பக்கத்தில், செர்ன் என்ற அணு ஆராய்ச்சி நிலையத்தில் ஓடியது. அங்கே வேலை பார்த்த டிம் பெர்னர்ஸ்-லீ 1989 மார்ச்சில் தன் யோசனையை எழுதிக் கொடுத்தார். 1990 முடிவதற்குள் நெக்ஸ்ட் என்ற கறுப்பு நிறக் கம்ப்யூட்டரில் அதைச் செய்தும் காட்டினார். யாராவது தெரியாமல் அணைத்துவிடப் போகிறார்களே என்று, 'இது சர்வர், அணைக்காதீர்கள்' என்ற பொருளில் சிவப்பு மையால் எழுதி அந்தக் கம்ப்யூட்டர் மேல் ஒட்டியிருந்தார். படித்தபோது சிரித்தேன். பிறகு என் நினைவு வந்தது, சிரிப்பு நின்றுவிட்டது. நான் அணைத்தவள் அல்லவா.

அந்த வலை வெளியுலகத்துக்கு வந்த வருடம் 1991. நம் பள்ளிக்குச் சுவர் எழும்பிய அதே வருடம்.

இப்போது வாசலுக்கு வருகிறேன். இணையத்தில் இருக்கும் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஐபி முகவரி என்று ஓர் எண் உண்டு. அதைத் தெரு முகவரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே இயந்திரத்தில் மின்னஞ்சல், கோப்புப் பரிமாற்றம், வலை என்று பல வேலைகள் நடக்கலாம். வருகிறவர் எந்த வேலைக்கு வந்திருக்கிறார் என்று தெரிய வேண்டாமா? அதற்குத்தான் போர்ட் எண். கதவு எண் மாதிரி. மொத்தம் 65,535 கதவுகள். மின்னஞ்சலுக்கு 25, கோப்புப் பரிமாற்றத்துக்கு 21 என்று முன்பே பழக்கத்தில் இருந்தன. வலைக்கு 80 வந்தது. 1992 ஜூலையில் வெளியான இணைய எண்களின் பட்டியலில் 80 என்ற எண்ணுக்கு எதிரே வலையின் பெயர் இருக்கிறது. முன்பெல்லாம் நீங்கள் ஒரு தளத்தின் பெயரை மட்டும் தட்டினாலும், பிரவுசர் 80-ஐத் தானாகச் சேர்த்துக்கொண்டு அந்தக் கதவைத் தட்டியது. பூட்டுப் போட்ட பாதுகாப்பான தளம் என்றால் 443.

ஒரு முகவரியின் ஒரு கதவில் ஒருவர்தான் நிற்கலாம் என்பது இயங்குதளத்தின் சட்டம். முதலில் வந்தவர் பிடித்துக்கொள்வார். அடுத்து வருகிறவருக்கு 'ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது' என்ற பதில்தான். யுனிக்ஸ் வழியில் வந்த கம்ப்யூட்டர்களில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. 1024-க்குக் கீழே உள்ள கதவுகளை நிர்வாகிதான் திறக்க முடியும். அதனால் சோதனைக்காக இன்னொரு சர்வர் ஓட்ட விரும்பியவர்கள் 8000, 8080 போன்ற பெரிய எண்களுக்குப் போனார்கள். ஆக, இரண்டு சர்வர்களை ஓட்ட ஆதி வழி இதுதான்: ஒன்று 80-இல், மற்றொன்று 8080-இல். ஆனால் இரண்டாவதைப் பார்க்க வேண்டுமென்றால் முகவரியோடு அந்த எண்ணையும் சேர்த்துத் தட்ட வேண்டும். நம் ஊர்ப் பெரியவர்களிடம் அதைச் சொல்லிப் புரியவைக்க முடியுமா?

இந்த அப்பாச்சி எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அதுவும் ஒரு நல்ல கதை. அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் என்சிஎஸ்ஏ என்ற மையத்தில் ராப் மெக்கூல் என்பவர் ஒரு சர்வர் மென்பொருள் எழுதினார். உலகம் முழுவதும் பலர் அதைப் பயன்படுத்தினார்கள். 1994 நடுவில் அவர் அங்கிருந்து போய்விட்டார். பயன்படுத்தியவர்கள் கோளாறுகளைத் தாங்களே சரி செய்து, திருத்தங்களை மின்னஞ்சலில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். 1995 பிப்ரவரியில் பிரையன் பெலன்டார்ஃப் உள்பட எட்டுப் பேர் கூடி, அந்தத் திருத்தங்களையெல்லாம் ஒன்றாகச் சேர்த்தார்கள். ஏப்ரலில் முதல் வெளியீடு. டிசம்பர் 1-இல் 1.0. அடுத்த சில மாதங்களில் உலகிலேயே அதிகம் பயன்படும் சர்வர் அதுதான். ஒட்டுப் போட்ட துணி மாதிரி ஒட்டுப் போட்ட மென்பொருள் என்று ஆங்கிலச் சிலேடையாகவும் அந்தப் பெயரைச் சொல்வார்கள். அமெரிக்கப் பழங்குடியினரான அப்பாச்சி மக்கள் மேலுள்ள மரியாதையால் வைத்த பெயர் என்பது அவர்களே தரும் விளக்கம். சம்பளம் வாங்காமல், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கூட்டாகச் செய்த வேலை. சத்துணவுக் கூடத்துக்கு ஆளுக்கொரு கை ஓடு சுமந்தீர்களே, அது நினைவுக்கு வந்தது.

இனி அடுத்த சிக்கல். ஆரம்பத்தில் பிரவுசர் சர்வரிடம் பேசிய மொழி மிகச் சுருக்கமானது. 'இந்தப் பக்கத்தைக் கொடு', அவ்வளவுதான். எந்தத் தளத்தின் பக்கம் என்று சொல்லாது. கதவு வரை வந்துவிட்டேனே, இன்னும் எதற்குப் பெயர் என்ற நினைப்பு. அதனால் ஒரு இயந்திரத்தில் பத்துத் தளங்கள் வைக்க வேண்டுமென்றால், அந்த இயந்திரத்துக்குப் பத்து ஐபி முகவரிகள் தேவைப்பட்டன. அப்போது புழக்கத்தில் இருந்த முறையில் உலகத்துக்கே சுமார் 429 கோடி முகவரிகள்தான். தளத்துக்கு ஒன்று என்று கொடுத்தால் எத்தனை நாளைக்கு வரும்?

தீர்வு ஒரே ஒரு வரி. 'எனக்கு இந்தப் பக்கம் வேண்டும்' என்று கேட்பதோடு, 'நான் இன்னாரைத் தேடி வந்தேன்' என்று பிரவுசர் இன்னொரு வரியும் சொல்ல வேண்டும். ஹோஸ்ட் வரி என்று அதற்குப் பெயர். 1996-இல் வந்த அப்பாச்சி 1.1 இந்த வரியைப் படித்து, ஒரே முகவரியில் பல தளங்களைப் பிரித்துக் கொடுக்கக் கற்றுக்கொண்டது. 1997 ஜனவரியில் வந்த எச்டிடிபி 1.1 விதிகளில் அது கட்டாயமானது. ஒரு வீட்டில் நான்கு குடும்பம் இருந்தால் தபால்காரருக்குக் கதவு எண் மட்டும் போதாது, உறையின் மேல் பெயரும் வேண்டும். அந்தப் பெயரை எழுதச் சொன்ன வருடம் 1997. இன்று மலிவான வாடகையில் நம்மைப் போன்றவர்கள் தளம் வைத்திருப்பதற்கு அந்த ஒரு வரிதான் காரணம்.

இதே சிக்கல் பூட்டுப் போட்ட 443-ஆம் கதவில் மறுபடியும் வந்தது. அங்கே பேச்சு தொடங்குமுன்பே சர்வர் தன் சான்றிதழைக் காட்ட வேண்டும். யாரைத் தேடி வந்தார் என்று தெரியுமுன்னே எந்தத் தளத்தின் சான்றிதழைக் காட்டுவது? பூட்டைத் திறக்குமுன்பே பெயரைச் சொல்லும் முறையை 2003-இல் விதியாக எழுதினார்கள். எல்லாப் பிரவுசரும் சர்வரும் அதைக் கற்றுக்கொள்ள இன்னும் பல வருடங்கள் ஆயின. அப்பாச்சிக்கே 2009-இல்தான் அது வந்தது.

இதுவரை சொன்னது ஒரே சர்வர் மென்பொருள் பல தளங்களைக் கவனிப்பது. வெவ்வேறு மென்பொருள்கள் இரண்டு ஒரே இயந்திரத்தில் ஏன் தேவைப்பட்டன? ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு கைப்பக்குவம் இருந்ததுதான் காரணம். விண்டோஸில் மைக்ரோசாஃப்டின் ஐஐஎஸ் என்ற சர்வர் வந்தது. அவர்களுடைய ஏஎஸ்பி முறையில் எழுதிய பக்கங்கள் அதில்தான் நன்றாக ஓடும். 1995-இல் ராஸ்மஸ் லெர்டார்ஃப் வெளியிட்ட பிஎச்பி-யில் எழுதிய பக்கங்களுக்குப் பெரும்பாலும் அப்பாச்சி. ஜாவாவில் எழுதியவற்றுக்கு டாம்கேட். ஓர் அலுவலகத்தில் சம்பளக் கணக்கு ஒன்றில், நூலகப் பட்டியல் இன்னொன்றில் என்று இருந்தால், ஒரே இயந்திரத்தில் இரண்டையும் வைத்தே ஆக வேண்டும்.

விண்டோஸில் இதற்காகப் பட்ட பாடு பலருக்கு நினைவிருக்கும். இயந்திரத்துக்கு இரண்டு ஐபி முகவரி கொடுத்து, ஒன்றின் 80-ஐ ஐஐஎஸ்ஸுக்கும் மற்றதன் 80-ஐ அப்பாச்சிக்கும் ஒதுக்கினால் போதும் என்றுதான் நினைப்பார்கள். ஆனால் ஐஐஎஸ், தனக்கு ஒன்றுதான் என்று சொல்லியிருந்தாலும், எல்லா முகவரிகளின் 80-ஐயும் வளைத்துக்கொள்ளும். 2003-ஆம் ஆண்டு விண்டோஸ் சர்வரில் அந்தக் கதவைக் காக்கும் வேலையே இயங்குதளத்தின் உள்ளுக்குள் போய்விட்டது. 'நீ இந்த ஒரு முகவரியில் மட்டும் கேள்' என்று தனிக் கருவி வைத்துச் சொன்னால்தான் மற்றதை விட்டுக்கொடுக்கும். பேருந்தில் துண்டைப் போட்டு மூன்று சீட்டையும் பிடிப்பார்களே, அந்த மாதிரி.

வாசலைப் பங்கு போடுவதைவிட நல்ல வழி ஒன்று இருந்தது. ஒருவர் வாசலில் நிற்பார். மற்றவர் உள்ளே இருப்பார். வருகிறவரிடம் முன்னால் நிற்பவர் என்ன வேண்டும் என்று கேட்பார். தன் வேலை என்றால் தானே முடிப்பார். உள்ளே இருப்பவர் வேலை என்றால் அவரிடம் கேட்டு வாங்கி வந்து கொடுப்பார். வந்தவருக்கு உள்ளே இன்னொருவர் இருப்பதே தெரியாது. ஆங்கிலப் பெயரை அப்படியே சொன்னால் ரிவர்ஸ் பிராக்ஸி. 'இந்தப் பெயரில் வருவதை உள்ளே அனுப்பு' என்று சொல்லும் வசதி 1996-இன் அப்பாச்சி 1.1-லேயே இருந்தது. ஆனால் முன்னால் நிற்பதற்கென்றே பிறந்த மாதிரி ஒன்று ரஷ்யாவிலிருந்து வந்தது.

இகோர் சிசோயெவ், இன்றைய கஜகஸ்தானில் பிறந்தவர், மாஸ்கோவில் ராம்ப்ளர் என்ற நிறுவனத்தில் கம்ப்யூட்டர்களைப் பராமரித்தவர். அப்பாச்சியை வைத்துத்தான் அவரும் வேலை பார்த்தார். அதன் குறை அவருக்கு நன்றாகத் தெரியும். அப்போதைய அப்பாச்சி, வருகிற ஒவ்வொருவருக்கும் ஓர் ஆளை ஒதுக்கும். அந்த ஆளுக்குச் சில எம்பி நினைவகம் வேண்டும். வந்தவர் தொலைபேசி வழி மந்த இணைப்பில் இருந்தால், ஒரு படத்தை வாங்கி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகும். அதுவரை அந்த ஆள் வேறு வேலைக்குப் போக முடியாது.

ஓட்டலையே நினைத்துக்கொள்ளுங்கள். சமையல் மாஸ்டரே தோசையைக் கொண்டுவந்து, சாப்பிடுகிறவர் கடைசி வாய் சாப்பிடும் வரை இலைக்குப் பக்கத்தில் நின்றால் எப்படி இருக்கும்? நூறு பேர் வந்தால் நூறு மாஸ்டர் வேண்டும். 1999-இல் டேன் கெகல் என்பவர், ஒரே சர்வரில் ஒரே நேரத்தில் பத்தாயிரம் பேரைக் கவனிப்பது எப்படி என்ற கேள்வியை எழுதி வைத்தார். அந்தக் காலத்து இயந்திரங்களுக்கு அந்த வலு இருந்தது. குறை, வேலையைப் பிரித்த விதத்தில்தான் என்பது அவர் வாதம்.

சிசோயெவ் 2002-இல் எழுதத் தொடங்கி, 2004 அக்டோபர் 4-இல் எஞ்சின்-எக்ஸை வெளியிட்டார். ஸ்புட்னிக் விண்ணுக்குப் போன 47-ஆம் ஆண்டு நாள் அது. அதில் ஆளுக்கு ஓர் ஆள் கிடையாது. நாலைந்து பேர்தான். நல்ல சப்ளையர் ஒருவர் இருபது மேசையைக் கவனிப்பாரே, அது போல, யார் கூப்பிடுகிறாரோ அங்கே போவார், கொடுப்பார், அடுத்த மேசைக்குப் போய்விடுவார். யாருக்காகவும் சும்மா நிற்க மாட்டார். இதை அப்பாச்சிக்கு முன்னால் நிறுத்தினால் என்ன ஆகும்? உள்ளே இருக்கும் மாஸ்டர் தோசையைச் சுட்டுச் சப்ளையர் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த தோசைக்குத் திரும்பிவிடலாம். மெதுவாகச் சாப்பிடுகிறவர்களைச் சப்ளையர் பார்த்துக்கொள்வார்.

ஆகவே முதல் பல வருடங்கள் எஞ்சின்-எக்ஸ் உலகமெங்கும் பரவியது, பெருமளவில் அப்பாச்சியைத் துரத்திவிட்டு அல்ல, அதற்கு முன்னால் நின்றுகொண்டு. பிறகு அதுவே தனியாகவும் வளர்ந்தது. 2011-இல் நிறுவனமானது. 2019-இல் அமெரிக்காவின் எஃப்5 நிறுவனம் 67 கோடி டாலருக்கு அதை வாங்கியது. இன்று உலகில் மிக அதிகம் பயன்படும் சர்வர்களில் இரண்டுமே முன்வரிசையில் இருக்கின்றன.

இதைப் படித்த பிறகு நான் செய்த தப்பின் அளவு எனக்குப் புரிந்தது. இரண்டு பேரில் யாராவது ஒருவர்தான் இருக்க முடியும் என்று நானே முடிவு செய்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மாணவன் வந்தான். சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தோம். "இரண்டு தளத்தையும் ஒரே சர்வரில் வைத்தால் என்ன?" என்று கேட்டேன். "வைக்கலாம் டீச்சர். ஆனா ஆல்பம் பழைய பிஎச்பி மென்பொருள். கோப்புறைக்குக் கோப்புறை ஒரு குட்டி விதிக் கோப்பு வச்சு ஓடுது. அதை அப்பாச்சி படிக்கும், எஞ்சின்-எக்ஸ் படிக்காது. எல்லா விதியையும் மாத்தி எழுதணும். ஒண்ணு விட்டுப்போனாலும் ஏதாவது படம் திறக்காது" என்றான். படம் திறக்காது என்றதும் நான் வாயை மூடிக்கொண்டேன்.

செய்தது இவ்வளவுதான். அப்பாச்சியை 80-இலிருந்து எடுத்து 8080-க்கு மாற்றினோம். அதுவும் வெளியாள் தட்ட முடியாதபடி, அதே இயந்திரத்துக்குள் இருந்து மட்டும் கூப்பிடக்கூடிய 127.0.0.1 என்ற உள்முகவரியில். எஞ்சின்-எக்ஸுக்கு 80-உம் 443-உம். சான்றிதழ்களும் அதன் கையில். கதைத் தளத்தின் பெயரோடு வந்தால் ஒலிக்கோப்பை அதுவே கொடுத்துவிடும். ஆல்பத்தின் பெயரோடு வந்தால் உள்ளே 8080-இல் கேட்டு வாங்கித் தரும்.

ஒரு வேடிக்கையும் நடந்தது. மறுநாள் ஆல்பத்தின் வருகைப் பதிவைப் பார்த்தால், வந்தவர்கள் எல்லாருக்கும் ஒரே முகவரி: 127.0.0.1. வகுப்பில் நாற்பது பிள்ளைகள் இருக்க, வருகைப் பதிவேட்டில் ஒரே பெயருக்கு நாற்பது டிக் போட்ட மாதிரி. அப்பாச்சிக்குத் தெரிந்ததெல்லாம் தன்னிடம் வந்து கேட்கிற எஞ்சின்-எக்ஸ் ஒருவரைத்தான். அதற்கும் வழி இருக்கிறது. முன்னால் நிற்பவர் உள்ளே கேட்கும்போது, 'உண்மையில் வந்தவர் முகவரி இது, அவர் தேடி வந்த பெயர் இது' என்று இரண்டு வரி சேர்த்துச் சொல்ல வேண்டும். உள்ளே இருப்பவரும், தனக்குத் தெரிந்த அந்த முன்னாள் நிற்பவர் சொன்னால் மட்டும் நம்ப வேண்டும். வேறு யார் வந்து அப்படிச் சொன்னாலும் நம்பக் கூடாது. அதையும் சேர்த்தோம். பதிவேடு சரியானது.

இங்கே முடித்திருக்கலாம். ஆனால் இதையெல்லாம் படிக்கப் படிக்க எனக்கு வேறொன்று மனதில் வந்துகொண்டே இருந்தது. அதைச் சொல்லாமல் விட மனமில்லை.

நம்முடையது ஈராசிரியர் பள்ளி. ஒரே ஹால். நடுவில் தட்டிகூடக் கிடையாது. கிழக்குச் சுவரில் பெரிய சாரின் கரும்பலகை, மேற்குச் சுவரில் என்னுடையது. அவருக்கு மூன்று, நான்கு, ஐந்து. எனக்கு ஒன்றும் இரண்டும். வாசல் ஒன்றே ஒன்று. அது அவர் பக்கம் இருந்தது.

பிள்ளையைச் சேர்க்க வருகிறவர், சான்றிதழ் கேட்டு வருகிறவர், பால் பாக்கிக்கு வருகிறவர், சும்மா பேச வருகிறவர், ஆய்வுக்கு வரும் அதிகாரி, எல்லாரும் முதலில் அவரிடம்தான் நிற்பார்கள். பாதிப் பேர் என் பிள்ளைகளின் பெற்றோர்கள்தான். அவர்களையும் அவரே உட்கார வைத்து, அரை மணி நேரம் ஊர்க்கதை கேட்டு, கடைசியில் ஒரு துண்டுச் சீட்டில் இரண்டு வரி எழுதி எனக்கு அனுப்புவார்: 'இன்னாருடைய அப்பா வந்தார். பையனுக்குக் காய்ச்சல். இரண்டு நாள் விடுப்பு.' என் வகுப்புப் பெற்றோர் என்னிடம் பேசக் கூடாதா, எல்லாப் பெயரும் இவருக்கே போக வேண்டுமா என்று பல வருடம் உள்ளுக்குள் புகைந்தேன். ஒருமுறை வாய்விட்டும் சொல்லியிருக்கிறேன். அவர் பதில் சொல்லவில்லை. "பாடத்தை விடாதீங்கம்மா" என்று மட்டும் சொன்னார். அதையும் அதிகாரம் என்றுதான் அன்று எடுத்துக்கொண்டேன்.

மெதுவாகச் சாப்பிடுகிறவர்களைச் சப்ளையர் பார்த்துக்கொள்வார் என்று மேலே எழுதினேனே, அதைப் படித்த அன்று புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். என் கரும்பலகைப் பக்கம் அத்தனை வருடமும் பாடம் நிற்காமல் நடந்தது எப்படி என்று அப்போதுதான் தெரிந்தது. மூன்று வகுப்பை வைத்துக்கொண்டு, வாசலையும் அவர்தான் தாங்கியிருக்கிறார். சீட்டில் வந்தவர் பெயரும் காரணமும் தவறாமல் இருக்கும். அந்த இரண்டு வரி.

அவர் போய் எட்டு வருடம் ஆகிறது. இதை அவரிடம் சொல்ல முடியாது. உங்களிடம் சொல்கிறேன். உங்களில் ஐந்தாம் வகுப்பு வரை நம் பள்ளியில் படித்தவர்கள் எல்லாரும் அவருடைய பிள்ளைகளும்தானே.

இப்போது ஆல்பமும் திறக்கிறது, கதைகளும் கேட்கின்றன. ஒரே இயந்திரம், ஒரே வாசல். வாசலில் நிற்பது எது, உள்ளே இருப்பது எது என்று இனி உங்களுக்குத் தெரியும். எதையும் அணைப்பதற்கு முன் அதை நம்பி யார் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்று நானும் கற்றுக்கொண்டேன். ஆல்பத்தின் படங்களை எல்லாம் தனியாக ஒரு பென் டிரைவிலும் எடுத்து வைத்துவிட்டேன். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

ஒரு வேண்டுகோள். பெரிய சார் இருக்கும் படம் ஆல்பத்தில் மூன்றுதான் இருக்கிறது. மூன்றிலும் அவர் ஓரத்தில், வாசல் பக்கமாக நிற்கிறார். யார் வீட்டிலாவது அவர் நடுவில் இருக்கும் படம் இருந்தால் போனில் எடுத்து அனுப்புங்கள். ஆல்பத்தில் முதல் படமாக வைக்கிறேன்.

கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகள், நான் எழுதியதில் தப்பு இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள். சிவப்பு மையில் திருத்துவது என் வேலையாக இருந்தது. இப்போது உங்கள் முறை.

என்றும் அன்புடன்,
உங்கள் டீச்சர்